யாருடைய நாடி

ஜன்னல் போய்விட்டது.

முதலில் கண்ணாடி. பிறகு சட்டம். சத்தம் மூன்றாவதாகத்தான் வந்தது. என் நினைவில் அப்படித்தான் இருக்கிறது.

தரையில் கிடக்கிறேன். வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். வலது காதில் ஒரே ரீங்காரம். இடது காதில் ஹிபாவின் குரல். "ஷுப்பாக்! ஷுப்பாக்!"

ஷுப்பாக் என்றால் ஜன்னல். ஜன்னல் பக்கம் போகாதே என்று கத்துகிறாள்.

இது கார்ட்டூம். சூடானின் தலைநகரம். நோன்பு மாதம். சனிக்கிழமை காலையில் சண்டை ஆரம்பித்தது. ஒரே நாட்டின் இரண்டு படைகள். நடுவில் எங்கள் ஆஸ்பத்திரி. விமானம் வந்தால் புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். குண்டு தூரத்தில் விழுந்தால் கும். பக்கத்தில் விழுந்தால் சத்தமே கேட்காது. நெஞ்சுக்கூட்டில் ஒரு தள்ளு மட்டும்.

நோயாளிகளைக் கட்டிலோடு ஜன்னல் இல்லாத உள் நடைபாதைக்கு இழுக்கிறோம். நானும் ஹிபாவும், துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மாவும். டாக்டர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. ஆற்றுப் பாலத்தை அடைத்துவிட்டார்கள்.

என் பெயர் செல்வி. சாமராஜநகர் ஜில்லா, ஹனூர் தாலுகா, ராமாபுரம். வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் கன்னடம். மைசூரில் நர்சிங் படித்தேன். மைசூரிலேயே சில வருஷம் வேலை பார்த்தேன். பிறகு கார்ட்டூம் போனேன். ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டு. ஹிபா அந்த வார்டின் சீனியர் நர்ஸ். என்னைவிட வயதில் சின்னவள். அங்கேயும் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த ஊரில் பேசவே ஆரம்பித்தேன்.

நடைபாதையில் ஒஸ்மான் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர். தொடையில் குண்டுச்சில்லு. முந்தின நாள் எடுத்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்.

ஜெனரேட்டர் இருமுகிறது. மறுபடி இருமுகிறது. நின்றுவிட்டது.

ஆக்ஸிஜன் மெஷின் கீச்சென்று கத்தி அடங்கியது. ஒஸ்மானின் கண் என்னைப் பார்த்தது. போகப் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சிலிண்டர் ஒன்றே ஒன்று மிச்சம். வயிற்று ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணுக்காக வைத்திருந்தோம். நான் சிலிண்டரை நோக்கி ஓடினேன்.

ஹிபா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நூற்று நாற்பது," என்றாள். "இது உன்னுது."

பிறகு ஒஸ்மானின் மணிக்கட்டு. இருட்டில், கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்து எண்ணினாள்.

"தொண்ணூறு. இது அவருது. அவர் மூச்சு விட்டுட்டுதான் இருக்கார். நீதான் விடல."

சிலிண்டர் அந்தப் பெண்ணுக்கே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டார்கள். ஒஸ்மானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. யாருக்கு முதலில் மருந்து, யாரை முதலில் நகர்த்துவது, யாரை விட்டுவைப்பது என்று எதை முடிவு செய்யும் முன்னும் ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைப் பிடிப்பாள். பயம் யாருடையது? என்னுடையதா, படுத்திருப்பவருடையதா? உடைந்த இங்கிலீஷில், உடைந்த அரபியில் கேட்டுக்கொள்வோம். சில சமயம் பயம் எங்களுடையது. சில சமயம் நிஜமாகவே கட்டிலில் ஏதோ நடந்துகொண்டிருக்கும். என்னுடையது எது என்று ஹிபாவுக்குத் தெரிந்தது. அவளுடையது எனக்குத் தெரிந்தது. மேலே கூரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் சரியாக யோசித்தோம். இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

பிறகு பஸ் வந்தது. இந்தியர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும் பஸ். ஆஸ்பத்திரியை மூடச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போர்வையில். கதவுப் பலகையில். ஒஸ்மானுக்கு யாரும் வரவில்லை.

"நான் இருக்கேன்," என்றாள் ஹிபா. "நீ போ. ஓடு!"

ஓடினேன். இரண்டு நாள் பஸ். பிறகு கப்பல். பிறகு விமானம். பெங்களூரில் இறங்கும்போது என்னிடம் பாஸ்போர்ட்டும் போனும் இருந்தன. காலில் ஹிபாவின் செருப்பு. என்னுடையதைத் தேட நேரமில்லை என்று அவள் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ராமாபுரத்தில் அண்ணன் வீட்டில் சில வாரம் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சொல்ல எனக்கும் வரவில்லை.

அண்ணன் நல்லவர். "ஏம் புள்ள, பத்தரமா வந்து சேந்துட்டயல்ல? இன்னும் என்னத்துக்கு அங்கயே நெனப்பு?" என்றார். மைசூருக்கு வந்துவிட்டேன்.

அக்ரஹாரத்தில் ஒரு அறை. கோயில் மணிச் சத்தம் வரும். ஸ்கூட்டர் சத்தம் வரும். அது எதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே நடப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. இரண்டாம் மாடி வார்டு. ஆபரேஷன் முடிந்தவர்கள். எனக்குத் தெரிந்த வேலை.

முப்பது படுக்கை. மதிய டூட்டிக்கு மூன்று நர்ஸ் இருக்க வேண்டும். இரண்டு பேர்தான் இருந்தோம். நானும் ஷில்பாவும். ஷில்பா டி.நரசிபுரத்துப் பெண். படிப்பு முடித்து இரண்டாவது வருஷம். என்னை அக்கா என்பாள். எங்களுக்குள் பேச்சு கன்னடத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குண்டு இல்லை. கரண்ட் போனால் அடுத்த நொடி வந்துவிடும். ஆனால் சத்தம் நிற்காது. டெலிபோன். மானிட்டர்களின் கீச்சு. அவை சும்மாவே கத்தும். ஒயர் நகர்ந்தால் கத்தும். நோயாளி திரும்பிப் படுத்தால் கத்தும். கத்தி முடிப்பதற்குள் கை போய் அணைத்துவிடும். கண் பார்க்காது. இன்சூரன்ஸ் மேஜையிலிருந்து ஆள் வந்து ஃபைல் கேட்பார். டிஸ்சார்ஜ் ஏன் தாமதம் என்று சொந்தக்காரர் கத்துவார். வாசலில் ஒரு சின்னத் திரை. அதில் சிரித்த முகம், அழுத முகம். போகிறவர்கள் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அழுத முகம் அதிகமானால் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேடம் கூப்பிடுவார். "செல்வி சிஸ்டர், முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கே பாதி கவனம் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் நோயாளிக்கு.

ஹிபாவின் செய்தி சில மாதம் வந்தது. நெட் கிடைக்கும்போது அனுப்புவாள். ஒஸ்மான் காய்ச்சலில் போய்விட்டார் என்று எழுதினாள். மருந்து கிடைக்கவில்லை. பிறகு செய்தி நின்றது. நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. எங்களோடு மருந்துப் பிரிவில் இருந்த ஒருவர் கெய்ரோவுக்குத் தப்பிப் போயிருந்தார். அவர்தான் எழுதினார். வீட்டின் மேல் விழுந்ததாம். ஹிபாவும் அவள் அம்மாவும் உள்ளே இருந்தார்களாம்.

அதைப் படித்தபோது சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம். கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். முன்னால் போனேன். என் ஸ்டாப்பில் இறங்கினேன். டூட்டிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் ஹிபா என்ற பெயரை உச்சரிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இனி பீரங்கி நாள்.

தசரா நெருங்குகிறது. ஊரெங்கும் விளக்குச் சரம் கட்டுகிறார்கள். மைசூர்க்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். ஊர்வலத்தன்று பீரங்கி வெடிப்பார்கள். யானையும் குதிரையும் மிரளக் கூடாது. அதற்காக முன்கூட்டியே சில நாள் ஒத்திகை. அரண்மனைப் பக்கத்தில் வெடிப்பார்கள். யானைகளை வரிசையாக நிறுத்திப் பழக்குவார்கள். படிக்கிற காலத்தில் நானே போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

மதியம். பழனியம்மாவின் கட்டில் பக்கம் நிற்கிறேன். ஐம்பது வயதுப் பெண். கர்ப்பப்பை எடுத்து முதல் நாள். கௌதள்ளிக்காரர். கட்டட வேலை. நானும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வார்டில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள்.

கும்.

தரையில் கிடக்கிறேன்.

கும். கும்.

ஜன்னல் அதிர்கிறது. "ஷுப்பாக்! ஷுப்பாக்!" என் குரல்தான். என் கை கட்டிலின் காலைப் பிடித்து இழுக்கிறது. நடைபாதைக்கு இழுக்கிறது. சக்கரம் பூட்டியிருக்கிறது. வரவில்லை. நான் இழுக்கிறேன்.

"அக்கா! ஏனில்லா, ஏனில்லா! ஒண்ணுமில்ல! ஆனைக்கு பிராக்டீஸ்!" ஷில்பா என் தோளைப் பிடித்துத் தூக்குகிறாள்.

எழுந்தேன். வார்டு முழுக்க என்னையே பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எதிர்க் கட்டிலின் சொந்தக்காரர் போனை நீட்டிப் பிடித்திருந்தார். வீடியோ. சாயங்காலத்துக்குள் அது கீழ்மாடி வரை போய்விட்டது.

பழனியம்மா சிரிக்கவில்லை.

"சிஸ்டர்," என்றார். "நாக்கு வரளுதுங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க."

தலையணையில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார்.

"எங்க வலிக்குதுங்க?"

"வலின்னு இல்லீங்க. என்னமோ ஒரு மாதிரி வருதுங்க. வீட்டுக்கு போயர்லாம்னு தோணுது."

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தவர் வலிக்கிறது என்றால் வேலை தெரியும். என்னமோ ஒரு மாதிரி என்றால் பயப்பட வேண்டும். ரத்தம் உள்ளே கசிந்தால் முதலில் இப்படித்தான் இருக்கும். தாகம். அமைதியின்மை. நாடி ஏறும். ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும்.

மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை. என் விரல் நுனியில் என் நாடியே அடித்துக்கொண்டிருந்தது. எது என்னுடையது, எது அவருடையது என்று பிரிக்கத் தெரியவில்லை. கண்ணை மூடினேன். கும் என்ற சத்தம் தலைக்குள் இன்னும் இருந்தது. என் கழுத்தில் விரல் வைத்து முதலில் என்னுடையதை எண்ணினேன். நூற்று முப்பதுக்கு மேல். பிறகு அவருடையது. நூற்றுப் பத்து. மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினான்கு.

ரத்த அழுத்தம் பரவாயில்லை. காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கம்மி. வயிற்றிலிருந்து வரும் குழாயில் ரத்தம் அதிகம் இல்லை. அது நல்ல அறிகுறி. குழாய் அடைத்திருந்தால் கெட்ட அறிகுறி. எது?

இப்படி ஒரு நேரத்தில்தான் ஹிபா என் கையைப் பிடிப்பாள்.

டூட்டி டாக்டருக்கு போன் செய்தேன். டாக்டர் கிரண். சின்ன வயது. நல்ல பையன். முந்தின நாள் காலையிலிருந்து டூட்டியில் இருந்தார். இது எனக்கு அப்போது தெரியாது.

"டாக்டர், பழனியம்மாவுக்கு உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகம். நாடி ஏறுது. கொஞ்சம் வந்து பாருங்க."

"பி.பி. எவ்வளவு?"

சொன்னேன்.

"அது நார்மல்தானே, சிஸ்டர்." குரலைத் தணித்தார். "நீங்க ஓகேயா? கேள்விப்பட்டேன். முதல்ல நீங்க உக்காந்து தண்ணி குடிங்க. அந்த சத்தத்துல பேஷன்ட்டும் பயந்திருப்பாங்க. வலி ஊசி போடுங்க. கேஸ் முடிச்சுட்டு வரேன்."

போன் வைத்துவிட்டார். அன்பாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னதும், ஆமாம், எனக்குத்தான் சரியில்லை என்று தோன்றிவிட்டது.

ஊசியில் மருந்தை ஏற்றினேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வலி ஊசி போட்டால் பழனியம்மா அமைதியாகிவிடுவார். அமைதியானால் யாருக்கும் எதுவும் தெரியாது. போடாவிட்டால் டாக்டரின் சொல்லை மீறியவள். அதுவும் இப்போதுதான் தரையில் உருண்டவள்.

அப்போது மேடம் வந்தார். "செல்வி சிஸ்டர், பதினெட்டாம் நம்பர் டிஸ்சார்ஜ் ஃபைல் எங்கே? அவங்க கீழே கத்திக்கிட்டு இருக்காங்க." எடுத்துக் கொடுத்தேன். எந்த ஃபைலைக் கொடுத்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. ஒரு மானிட்டர் கீச்சிட்டது. என் கை போய் அணைத்தது. கண் பார்க்கவில்லை.

பழனியம்மாவின் புருஷன் மாதேவன் வாசலில் நின்றார். கையில் இளநீர். "அவளுக்கு ஏதோ ஆகுதுங்களா, சிஸ்டர்?" என்றார். தெரியாது என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. "பாத்துட்டு இருக்கோம்ங்க," என்றேன்.

ஊசியைப் போடாமல் தட்டில் வைத்துவிட்டு ஷில்பாவைக் கூப்பிட்டேன்.

"ஷில்பா, பழனியம்மாவைப் பாத்துட்டு வா. நான் என்ன நினைக்கிறேன்னு சொல்ல மாட்டேன். நீ என்ன பாக்கறேன்னு சொல்லு."

"ஏன்க்கா? பதினெட்டுக்கு இன்னும் கையில குத்தின கான்யூலா எடுக்கல."

"அது இருக்கட்டும். போ."

போனாள். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"அக்கா, கை ஐஸ் மாதிரி இருக்கு. யூரின் பையில மதியத்துக்கு அப்புறம் ஒண்ணுமே சேரல. நாக்கு வெளுத்திருக்கு. என்னைப் பாத்து, அம்மா எங்கேன்னு கேக்கறாங்க."

அவள் கை நடுங்கவில்லை. அவளுக்குக் கார்ட்டூம் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கைதான்.

"டாக்டருக்கு நீ போன் பண்ணு," என்றேன்.

"நீங்க பண்ணுங்கக்கா, நீங்கதானே சீனியர்."

"நீ பண்ணு."

பண்ணினாள். நான் சொன்ன அதே விஷயம். அதே எண்கள், கூடவே அவள் பார்த்ததும். குரல்தான் வேறு. டாக்டர் கிரண் படியேறி ஓடி வந்தார்.

வயிற்றில் கை வைத்தார். அழுத்தினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"தியேட்டர்! ஓ.டி.க்கு சொல்லுங்க! ரத்தம் அரேஞ்ச் பண்ணுங்க!"

கட்டில் ஓடியது. இந்த முறை சக்கரம் பூட்டியிருக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது மாதேவன் இளநீரோடு வெளியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு ரத்தக்குழாய்க் கட்டு நழுவியிருந்தது. வயிறு நிறைய ரத்தம். சீனியர் சர்ஜன் வந்து கட்டினார். பழனியம்மா பிழைத்தார்.

சாயங்காலம் டாக்டர் கிரண் நர்ஸ் மேஜைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "சிஸ்டர், நீங்க சொன்னது என் காதுல விழல," என்றார். "நீங்க தரையில கிடந்தீங்கன்னு கேட்டதுதான் மனசுல இருந்தது. தூங்காம வேற இருந்தேன். அதைக் காரணமா சொல்ல மாட்டேன்." அவருக்கும் யாரும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

அடுத்த ஒத்திகை நாள் தெரிந்தது. மேடத்திடம் போனேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் வேறு டூட்டி கேட்டேன். கீழே, சத்தம் கேட்காத இடமாக. தசரா நேரம், ஆள் இல்லை என்றார். அது பொய் இல்லை. ஆள் இல்லைதான்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். கும். நின்றேன். கும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பினால் ஒன்பதாம் படுக்கை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவர். நெற்றியில் வேர்வை. கையைப் பிடித்தேன். நாடி ஓடுகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. பழனியம்மா விஷயத்தில் தெரிந்த அதே மாதிரி தெரிந்துவிட்டது. என்னுடையதை எண்ணவில்லை. ஷில்பா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். காத்திருக்கவில்லை. அவசர பட்டனை அழுத்தினேன்.

"வாங்க! சீக்கிரம் வாங்க!"

எல்லாரும் வந்தார்கள். டாக்டர் கிரண் பக்கத்து வார்டில் ஒருவருக்கு நெஞ்சில் நீர் எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தார். இந்த முறை ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தம்பியோடு போனில் சண்டை போட்டிருக்கிறார். கோபத்தில் வேர்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து வார்டு நோயாளி, ஊசி குத்திய இடத்தோடு, வலியில் அத்தனை நேரம் காத்திருந்தார். வயசானவர். அவர் முனகியதை நடைபாதையில் போகும்போது கேட்டேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. மேடம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். "செல்வி சிஸ்டர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் சி.எஸ்.எஸ்.டி.யில இருங்க. டென்ஷன் இல்லாத வேலை."

சி.எஸ்.எஸ்.டி. என்றால் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் கொதிக்க வைத்து, பொட்டலம் கட்டும் இடம். பேஸ்மென்ட். ஜன்னல் கிடையாது. சரி என்றேன். மேடம் சொன்னது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முழுக்கச் சரி என்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் கேட்டேன், கொடுக்கவில்லை. கேட்காதபோது எல்லா நாளையும் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே இன்னொருவர் உண்டு. மெஷின் பார்க்கும் பெரியவர். காது மந்தம். நாள் முழுக்க ஆவிச் சத்தம். ஸ்ஸ் என்று ஒரே சீராக வரும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் குறடு. துடைக்கிறேன். அடுக்குகிறேன். கட்டுகிறேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் மேலே போகிறது. நான் போவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு போகிறேன். அறைக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் விளக்குப் போடுகிறேன். அண்ணன் போன் செய்தால் நல்லா இருக்கேன் என்கிறேன்.

ஊர்வலத்தன்று பீரங்கி வெடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை.

தையல் பார்க்க வந்தபோது பழனியம்மா வார்டுக்குப் போய், "அந்தத் தமிழ் சிஸ்டர் எங்கீங்க?" என்று கேட்டாராம். கீழே இருக்கிறார், அங்கே வெளியாட்கள் போகக் கூடாது என்று ஷில்பா சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் லிஃப்ட் பக்கம் நின்றுவிட்டுப் போனாராம். எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

இதை எதற்கு எழுதுகிறேன்? நர்ஸுக்கு நிதானம் வேண்டும், யோசிக்கத் தெரிய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏதோ அது அவளோடு கூடப் பிறந்த குணம் மாதிரி. நான் ஒரே ஆள்தான். குண்டு விழுந்த இடத்தில் என்னால் யோசிக்க முடிந்தது. கூரை கெட்டியாக இருந்த இடத்தில் முடியவில்லை. அங்கே என் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். இங்கே சத்தம் இருந்தது, ஃபைல் இருந்தது, சிரித்த முகம் இருந்தது. வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம். என்றைக்காவது நீங்களும் அந்தக் கட்டிலில் படுப்பீர்கள்.

இழப்பு இவ்வளவு.

கார்ட்டூமில்: ஹிபா. அவள் அம்மா. ஒஸ்மான். வயிற்று ஆபரேஷன் முடிந்த அந்தப் பெண் கதவுப் பலகையில் போனாள், பிறகு தகவல் இல்லை. துப்புரவு வேலை பார்த்த அம்மாவைப் பற்றியும் தகவல் இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லாரும் அம்மா என்றே கூப்பிட்டோம். ஆஸ்பத்திரி இப்போது இல்லை.

மைசூரில்: சாவு இல்லை. டாக்டர் கிரண் மேல்படிப்புக்குப் போய்விட்டார். பழனியம்மா மறுபடி வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் மாடியில் என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மதிய டூட்டியில் ஷில்பா மட்டும்.

முப்பது படுக்கை. ஒரு நர்ஸ்.